மைதானத்தில் மட்டும் மிஸ்

…இந்தப் பக்கம் கொஞ்சம் பேரை ஓடவிட்டால் அந்தப் பக்கம் ரெண்டு பேர் உட்கார்ந்து புல் பிடுங்குகிறார்கள், அவர்களை எழுப்புவதற்குள் வரிசை கலைந்து விடுகிறது, எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் ஏதாவது வேலை இருக்கவேண்டும் என்று கோச்சுகளுக்கான பயிற்சி வகுப்பில் அழகாகச் சொன்னாரே அந்த மனுஷர், இப்படி ஒரு கூட்டத்தை வைத்து ஒரு சாயங்காலமாவது மேய்த்திருப்பாரா… சரி, வட்டமாக நிற்க வைக்கலாம், பேர் சொன்னதும் ஓடி வந்து பந்தை எடுத்து உதைக்க வேண்டும், அது கொஞ்சம் எடுபடும். எடுபடத்தான் செய்தது. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக ஓடி வந்தன, புல் பிடுங்கியவன்கூட வந்தான், அவள் குரலும் உற்சாகமாக ஏறிக்கொண்டே போனது, தன் மகளின் முறை வந்தபோது மட்டும் விரலை நீட்டி, "ம், நீ வா" என்றாள். மகள் வந்தாள். வந்து, பந்தை உதைக்காமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு சிரித்தவளும் தரையில் உட்கார்ந்தாள், பிறகு பக்கத்திலிருந்தவன், பிறகு பாதி வட்டம்… வேலிக்கு வெளியே நின்ற ஒரு அப்பா, கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள் என்று அங்கிருந்தே யோசனை சொன்னார். வேறு குழந்தையாக இருந்தால் என்ன செய்வாள்? மண்டி போட்டு, கண்ணுக்கு நேரே பார்த்து, என்னடா செல்லம் என்று கேட்டிருப்பாள். தன் பிள்ளை என்றதும் முட்டி மடங்க மறுக்கிறது. சொந்தப் பெண் என்றால் எப்போதும் முதல் வாய்ப்புதான் என்று ஒரு அம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து, இங்கே அம்மா என்று கூப்பிடாதே, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள், சின்னது அதை ஒரு தடவைகூட மீறியதில்லை… கடைசியில் மண்டி போட்டாள். மத்தவங்க விளையாடணும்ல, எழுந்திரு என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

மகள் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எல்லார் பேரையும் சொன்னீங்க. என் பேரை மட்டும் ஏன் சொல்லல, மிஸ்?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்கிறாள், அந்த மிஸ்ஸைக்கூட மறக்காமல்… சொல்லாமலா இருந்தோம், எப்போதிலிருந்து, பேரைச் சொன்னால் பாசம் வெளியே தெரிந்துவிடும் என்றா, தெரிந்தால்தான் என்ன? எல்லோரும் பார்க்கிறார்கள், இதற்கு மேல் நேரமும் இல்லை. பேரைச் சொன்னாள். உற்சாகமாகத்தான் சொல்ல நினைத்தாள், ஆனால் பல் தேய்க்காத காலையிலும் பால் சிந்திய இரவிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரிதான் வாயில் வந்தது. மகள் சட்டென்று எழுந்தாள், பந்தை இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள், தன் இடத்தில் போய்க் கால்களைச் சேர்த்து நின்றாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வட்டம் இன்று முதல் தடவையாகக் கலையாமல் இருந்தது, ஒரு சத்தம் இல்லை, வேலிக்கு வெளியே அந்த அப்பா தலையாட்டினார். அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை… கூப்பிடத்தானே சொன்னாள் குழந்தை, நாம் அதட்டி விட்டோமோ, அல்லது அந்தப் பேரை வேறு எப்படியும் நமக்குச் சொல்லவே வராதோ.