நாகவல்லியின் மாத்திரை டப்பா

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தட்டுவது நாகவல்லியின் கதவைத்தான். கணவன் வேம்புலிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையில், உடம்பு தேறியதும் மிச்சத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். சிவப்பும் கறுப்புமாகக் கேப்ஸ்யூல்கள் அதில் எப்போதும் கிடக்கும். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொன்னதே இல்லை. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அந்த நல்ல மனசே அவள் குடியைக் கெடுத்தது.

கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் தகடு விழுந்து, வேம்புலி காலைக் கிழித்துக்கொண்டு வந்த அன்றும் அவள் பதறவில்லை. கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைப் புண்ணில் தூவித் துணி சுற்றினாள். இரண்டை விழுங்க வைத்தாள். வலி குறைந்ததும், "போதும்யா, மிச்சத்த எட்த்து வெச்சிக்கலாம்" என்றாள். ஆறுவது போல் ஆறிய புண் மறுபடி சீழ் வைத்தது. மறுபடி பொடி, மறுபடி துணி. முழங்கால் வரை வீங்கி, அவன் ஜன்னி கண்டு பிதற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. சீழைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர் இராமகிருஷ்ணன், முடிவு வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"இதுக்கு முன்னாடி என்னம்மா மருந்து குடுத்தீங்க?"

அவள் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரைகுறையா குடுத்துக் குடுத்து, கிருமி அந்த மருந்துக்கெல்லாம் பழகிடுச்சும்மா. அவருக்கு சர்க்கரை வியாதி வேற இருக்கு. நாங்க போடுற ஊசி எதுவும் கேக்கல. காலை எடுத்தாத்தான் உயிர் மிஞ்சும். அதையும் உறுதியா சொல்ல முடியல."

"ஐயோ சாமி! நல்லதுன்னு நெனச்சித்தானே சார் குட்த்தேன்!" நாகவல்லி தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

காலை எடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. கண்ணைத் திறக்காமலே வேம்புலி முனகினான்: "நாகு, காலு எரியுது. அந்தப் பொடிய தூவேன்." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அடுத்த வீட்டு சகாயம்மாள் வாசலிலேயே மறித்தாள். இடுப்பில் குழந்தை.

"அக்கா, அண்ணாத்தே எப்டி கீறாரு? புள்ளைக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. அந்த செவப்பு மாத்திர ஒண்ணு குடேன், பாதியா கரச்சி ஊத்திடுறேன்."

நாகவல்லி பழக்கதோஷத்தில் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டாள். உள்ளே அதே சிவப்பும் கறுப்பும் கிடந்தன. மூடியை அழுத்தி மூடினாள்.

"தர மாட்டேன்டி. இத்த குட்த்துக் குட்த்துதான் எம் புருசன் கால நானே வெட்டிப் போட்டேன். உசுரு நிக்குமான்னே தெரில. புள்ளைய டாக்டராண்ட தூக்கினு நட. அவரு சீட்டுல மருந்து எய்திக் குட்த்தா, காச்சல் உட்டாலும் சொன்ன நாள் வரிக்கும் முய்சா குடு. ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் வாயில போடாத. பாதி மருந்து கிருமிய கொல்லாதுடி சகாயம், வளக்கும்."