களத்தில் கேட்ட இங்கிலீஷ்

அடுப்படியில் கைப்பேசியை உப்புச் சாடிமேல் சாய்த்து வைத்து, அதில் ஒலித்த ஆண் குரலோடு சேர்ந்து சரிதா முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். கொழுந்தன் சேட்டு பின்னால் வந்து அதைப் பிடுங்கினான்.

"எவன்கூட இங்கிலீஷ்ல பேசிக்கினு இருக்கற?"

பாடம் என்றாள். அவன் பதிலுக்காகக் கேட்கவில்லை. புருஷன் செத்து இரண்டு வருஷமான பெண்ணின் கையில் ஓர் ஆணின் குரல். ஊரைக் கூட்ட அது போதும்.

மலைமேல் புதிதாகத் திறந்த விடுதியில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறவர்களிடம் இங்கிலீஷில் நாலு வாக்கியம் பேச வேண்டும். தினமும் செய்வதை அப்படியே சொல்வதுதான் முதல் பாடம். வேலை கிடைத்தால் மகள் அருணாவோடு தனியாகப் போய்விடலாம். அது சேட்டுவுக்கு ஆகவில்லை. இருட்டினதும் சரிதா கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுப்பதை மாமியார் முனியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை.

மறுநாள் காலை, சாமை அடிக்கும் களத்தில் ஊர் கூடியது. தப்பு என்று தீர்ந்தால் அவளை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பார்கள். பிள்ளை புருஷன் வீட்டோடு நின்றுவிடும். சரிதா அருணாவின் கையை விடவேயில்லை. கூட்டத்தில் பெண் வாய் திறக்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வீட்டு ஆண்தான் அவளுக்காகப் பேச வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண் சேட்டு. குற்றம் சொன்னவனும் அவனே. இந்த அழகில் நியாயம் விசாரித்தார்கள்.

சேட்டு பேசி முடித்ததும் கூட்டத்தை நடத்தும் ஊர்க் கவுண்டர் ராஜாக்கண்ணு, போளூரில் காலேஜ் படிக்கும் கோகுல்ராஜைக் கூப்பிட்டார். அவள் பேசிய இங்கிலீஷை அப்படியே பேசிக் காட்டட்டும், இவன் தமிழில் சொல்லட்டும் என்றார். பெண் இங்கிலீஷ் பேசக்கூடாது என்று வழக்கத்தில் இல்லையே.

சரிதா பாடத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"ஐ வேக் அப் அட் ஃபைவ்."

"அஞ்சு மணிக்கு எழுந்திருக்கறேன்னு சொல்றாங்க," என்றான் கோகுல்ராஜ்.

"ஐ குக் ஃபார் ஆல். ஐ ஈட் லாஸ்ட்."

"எல்லாருக்கும் ஆக்கிப் போடறேன். கடைசியா சாப்புடறேன்."

யாரோ சிரித்தார்கள். இதற்கா கூட்டம் என்று கவுண்டரே எழப் பார்த்தார். பாடம் அவ்வளவுதான். சரிதா அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் ராத்திரி மறுபடி அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிது. பாடத்தில் இல்லாததை அவளே கோத்துச் சொன்னாள்.

"எவ்ரி நைட் சேட்டு நாக்ஸ் மை டோர். ஐ ஃபியர். ஐ டோன்ட் ஓப்பன்."

பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. சேட்டு என்பது எல்லார் காதிலும் விழுந்தது. களத்தில் சிரிப்பு நின்றது.

"இன்னாடா சொல்லுது?" என்றார் கவுண்டர்.

கோகுல்ராஜ் சேட்டுவைப் பார்த்தான். சேட்டு கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புரியலைங்க," என்று தலையைக் குனிந்துகொண்டான் படித்த பிள்ளை.

அடித்த சாமைத் தாள் குவிந்திருந்த தட்டைப் போர் ஓரமாக நின்ற பெண்களிடையே இருந்து முனியம்மா முன்னால் வந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். பெண்கள் பேசக்கூடாது என்று ஒருவர் அதட்டினார். அவள் காதில் வாங்கவில்லை. வந்து மருமகள் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குப் புரிஞ்சிச்சுங்க," என்றாள். "என் புள்ள தெனம் ராத்திரி இவ கதவைத் தட்டறான். நான் படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருக்கறேன்."