ஒரு வாரம்தான் கேட்டாள்

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் வாசற்கல்லில் முட்டி நின்றுவிட்டது.

"பின்னாடி சாய்ச்சுத் தூக்கு! சாய்க்காம முட்டிக்கிட்டே இருந்தா கல்லா நகரும்?" என்று வில்ஃப் கத்தினார். ஓல்டு ஃபெர்ரி பப்பின் வாசலில் கோப்பையோடு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, பிறகு பார்க்காதது போல ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஹேசல் கீழ்க்கம்பியை ஒரு காலால் மிதித்து, நாற்காலியைத் தன் மார்புப் பக்கம் சாய்த்து, மூச்சைப் பிடித்து உந்தினாள். இடது தோளில் சுரீரென்று இழுத்தது. மாமனார் வில்ஃபுக்கு எண்பத்தாறு வயது. கன்னமும் கையும் வற்றிப் போயிருந்தன; கனம் மட்டும் குறையவில்லை.

"நான் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன். ஒரு தடவைகூட இப்படி முட்டினதில்லை."

"பூக்கடைக்குள்ள விட்டீங்களே. கோலின் சொல்லியிருக்காரு."

"அது பிரேக் பண்ணின தப்பு."

கோலின் அவருடைய மூத்த மகன், ஹேசலின் கணவன். அவன் போய் ஒன்பது வருடங்கள் ஆகிவிட்டன. காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, மாமனாரும் மருமகளும் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. வில்ஃப் அவளை வாடகைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இவ என் வாடகைக்காரி. வாடகைதான் கொடுக்கறதில்லை" என்பார். முதல் வருடம் அது அவளுக்கு வலித்தது. பிறகு அவரைக் குளிப்பாட்டவும், நகம் வெட்டவும், நனைந்த விரிப்பை மாற்றவும் வேண்டியிருந்ததில் வலிக்க நேரமில்லாமல் போயிற்று. மாத்திரையை அவள் கையிலிருந்து மட்டும்தான் வாங்கி விழுங்குவார். நர்ஸ் கொடுத்தால் துப்பிவிடுவார். நன்றி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

உள்ளே இறைச்சி வாசனையும் ஈர மரத்தின் வாசனையும் கலந்து அடித்தன. பிப்ரவரி வெள்ளத்தில் செவர்ன் ஆறு உள்ளே வந்து போன கறை சுவரில் இடுப்புயரத்துக்கு இன்னும் போகவில்லை. பப்பை நடத்தும் ஐரிஸ் கையில் நான்கு தட்டுகளோடு எதிரே வந்தாள்.

"அடடே, வில்ஃப்! இன்னும் உயிரோடதான் இருக்கியா கண்ணு?"

"உன் பீர் குடிச்ச பிறகும்தான்."

அவர் முகம் மலர்ந்ததை ஹேசல் பார்த்தாள். இரண்டு வருடங்களாக இங்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளால் தனியாக அவரைக் காரில் ஏற்றி இறக்க முடியாது. இளைய மகன் கிளைவிடம் போனில் சொல்வார். கிளைவ், "வெயில் வரட்டும்ப்பா" என்பான். இரண்டு கோடைகள் வந்து போயின.

இருவரையும் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போன கிளைவும் அவன் தங்கை பெவர்லியும் பின்தோட்டத்தில், தண்ணீரை ஒட்டிய மேசையைப் பிடித்து வைத்திருந்தார்கள். பெவர்லி எழுந்து வந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். டெவனிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வந்ததாகச் சொன்னாள்.

"எதுக்கு?" என்றார் வில்ஃப்.

"உங்களைப் பாக்கத்தான்ப்பா."

"கிறிஸ்துமஸுக்கு வழி தெரியலையா?"

பெவர்லி சிரித்துவிட்டு கிளைவைப் பார்த்தாள். கிளைவ் உணவு அட்டையைப் பார்த்தான்.

"எனக்கு அந்த அட்டை வேண்டாம்" என்றார் வில்ஃப். "ரோஸ்ட் மாட்டிறைச்சி. கிரேவியைத் தனியாக் குடுக்காம மேலேயே ஊத்தச் சொல்லு. தொட்டுக்கக் காரமா ஹார்ஸ்ராடிஷ். கடைசியில இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிள். இப்ப ஒரு பைண்ட் பீர்."

"அப்பா, டாக்டர் சொல்லியிருக்காரே..."

"டாக்டர் வந்தா அவருக்கும் ஒண்ணு சொல்லு."

சாப்பாடு வந்தது. ஹேசல் அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கினாள். உப்பிய யார்க்ஷயர் புட்டிங் ரொட்டியைப் பிய்த்து கிரேவியில் ஊற வைத்தாள். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துத் தட்டை அவர் முன் நகர்த்தி, கழுத்தில் துணியைச் செருகினாள். அவர் தானே எடுத்துச் சாப்பிட்டார். வீட்டில் நாலு வாய்க்கு மேல் இறங்காத மனிதர், நெற்றி வேர்க்க, மூக்கை உறிஞ்சிச் சாப்பிட்டார்.

ஹேசல் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதி சாப்பிட்ட பிறகு பேச்சை எடுப்பதென்று அண்ணனும் தங்கையும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். வியாழக்கிழமை போனில் கிளைவ் சொல்லியிருந்தான்: "வெளியில வச்சுச் சொன்னா கத்தமாட்டாரு, ஹேசல். நாலு பேர் பாப்பாங்கல்ல."

கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். அதற்கு முன்பு, ஈரமும் குளிருமாக இருந்த ஒரு மார்ச் காலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தூக்கும்போது அவளுக்குத் தோள் பிசகிவிட்டது. அன்று அவள்தான் கிளைவைக் கூப்பிட்டாள். "ஒரே ஒரு வாரம் யாராவது வந்து பாத்துக்கிட்டீங்கன்னா போதும். எங்க அக்கா வீட்டுல போய்த் தூங்கிட்டு வந்துடறேன்." கிளைவ், "யோசிக்கிறேன்" என்றான். யோசித்து அவன் கண்டுபிடித்தது முதியோர் இல்லம்.

"அப்பா" என்றான் கிளைவ். "செவ்வாய்க்கிழமை உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"எங்க?"

"நல்ல இடம். பெரிய ஜன்னல். தோட்டம் இருக்கு."

"என் வீட்டுலயும் தோட்டம் இருக்கு."

"பாட்டெல்லாம் பாடுவாங்கப்பா" என்றாள் பெவர்லி.

"யாரு?"

"அங்க இருக்கிறவங்க."

"சாகக் கிடக்கிறவங்களா?"

பக்கத்து மேசையில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். வேறு எதற்கோ. வில்ஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளைக்கு?"

கிளைவ் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ஹேசலுக்கு இனிமே முடியலையாம்ப்பா. அவளே போன் பண்ணிச் சொன்னா. பாவம், அவளுக்கும் வயசாகுதில்ல?"

வில்ஃப் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஹேசலின் வாயில் இறைச்சி இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கமானதுதான். கோபம் இல்லை. தெருவில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்க, திரும்பிப் பார்த்தால் ஆள் வேறு யாரோ என்று தெரிந்துகொண்டவரைப் போல இருந்தது அந்தப் பார்வை.

அவள் விழுங்கி முடிப்பதற்குள் ஐரிஸ் வந்துவிட்டாள். "எல்லாம் நல்லா இருக்கா தங்கங்களா?"

"அருமை" என்றாள் பெவர்லி.

ஐரிஸ் நகர்ந்ததும் வில்ஃப் சொன்னார்: "என்னைத் திருப்பு."

"எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம். இந்த மூஞ்சிகளைப் பாத்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாது."

ஹேசல் எழுந்து பிரேக்கை விடுவித்து, நாற்காலியைத் திருப்பித் தண்ணீரைப் பார்க்க நிறுத்தினாள். தட்டை அவர் மடியில் வைத்தாள். குனிந்து போர்வையை இழுத்து விடும்போது அவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"வாடகைக்காரிதான் ஒருநாள் காலி பண்ணிட்டுப் போவான்னு நினைச்சிருந்தேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஒன்பது வருடம் இரவில் அவர் சுவரைத் தட்டிய ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தவளைப் பற்றி கிளைவ் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை வைத்து இவரால் இதை நம்ப முடிகிறதே என்ற ஆத்திரம் அதை உள்ளே தள்ளியது. நம்பட்டும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். கொஞ்சம் வெந்து போகட்டும்.

அவள் மேசைக்குத் திரும்பினாள்.

"கத்தலையே, பாத்தியா?" என்றான் கிளைவ் தங்கையிடம், தணிந்த குரலில். "நான் சொன்னேன்ல."

"நான் அவர்கிட்ட அப்படிச் சொல்லச் சொல்லலையே, கிளைவ்" என்றாள் ஹேசல். "ஒரு வாரம்தான் கேட்டேன்."

"அட, யார் பேரையாவது சொல்லித்தானே ஆகணும்? உன்மேலன்னா ரெண்டு நாள்ல கோவம் போயிடும். நான்னா சாகிறவரைக்கும் பேசமாட்டாரு."

பிறகு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. கிளைவ் ஏற்கெனவே தரகரிடம் வீட்டுக்கு விலை கேட்டுவிட்டான் என்பது பெவர்லிக்கு அப்போதுதான் தெரிந்தது. "எப்ப? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று அவள் குரல் உயர்ந்தது. "உனக்குச் சொன்னா நீ வந்துடுவியாக்கும்" என்றான் அவன். அம்மாவின் கண்ணாடி அலமாரி யாருக்கு என்று அவள் கேட்டாள். "எடுத்துக்கோ, உன் ஃபிளாட்ல வாசல் வழியா நுழையுதான்னு பாரு" என்றான். விற்கிறவரை ஹேசல் அங்கேயே இருக்கலாம், வீடு சுத்தமாக இருக்கும் என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த ஒன்றில் மட்டும்தான் ஒத்துப்போனார்கள்.

ஹேசலுக்கு அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. ஆத்திரம் எங்கேயோ வடிந்துவிட்டிருந்தது. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மாமனாருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் பழுப்பாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மரக்கிளை இலைகளோடு சுழன்றபடி மிதந்து வந்தது.

"வில்ஃப். நான் அப்படிச் சொல்லலை."

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் வலிக்குது, ஒரு வாரம் தூங்கணும்னு கேட்டேன். அவ்வளவுதான். இல்லமெல்லாம் அவனோட வேலை. நீங்க வேணாம்னு சொன்னா நானும் வேணாம்னு சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா அவன் என்ன பண்ணுவான்?"

அவர் திரும்பவில்லை. முறுக்கிக்கொண்டால் நாள் கணக்கில் பேசாமல் இருப்பார். அவளுக்குத் தெரிந்ததுதான்.

"சரி, பேசவேண்டாம். திட்டவாவது திட்டுங்க" என்று அவர் கையைத் தொட்டாள்.

மடியில் தட்டு சரிந்து, கிரேவி போர்வையில் இறங்கியிருந்தது. அவர் வாயோரத்தில் உருளைக்கிழங்குத் துணுக்கு. கண்கள் பாதி திறந்திருந்தன. ஹேசல் இரண்டு விரல்களை அவர் கழுத்தில் வைத்து அழுத்தினாள். இடம் மாற்றி மறுபடி அழுத்தினாள். பின்னால் பெவர்லி, "உனக்கு எப்பவும் உன் வசதிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் எப்போது போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதில் முதல் சொல்லாவது காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை.

உடனே எழுந்து கத்தியிருக்க வேண்டும். அவள் எழவில்லை. துணியின் நுனியால் அவர் வாயைத் துடைத்தாள். தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். கண் இமைகளைக் கீழே இறக்கிவிட்டாள். போர்வையின் கறை தெரியாதபடி மடித்து அவர் கைகளை அதன்மேல் வைத்தாள். அந்தக் குரல்கள் அவரை இன்னும் கொஞ்ச நேரம் தொடாமல் இருக்கட்டும் என்று தோன்றியது.

"அப்பா, கிரம்பிள் வந்தாச்சு!" என்று கிளைவ் கூப்பிட்டான். "கஸ்டர்ட் ஊத்தட்டுமா?"

"அவருக்கு வேண்டாம்" என்றாள் ஹேசல், திரும்பாமல்.

"கேட்டுச் சொல்லு. அவர்தான் சொன்னாரு."

"அவருக்கு இனிமே எதுவும் வேண்டாம், கிளைவ்."

பெவர்லிதான் முதலில் புரிந்துகொண்டு அலறினாள். பிறகு எல்லாம் மற்றவர்கள் கையில் போயிற்று. ஐரிஸ் தோட்டத்திலிருந்தவர்களைத் தட்டுகளோடு உள்ளே அனுப்பினாள். ஆம்புலன்ஸ் வந்தது. பச்சை உடுப்புப் போட்ட பெண் ஹேசலிடம், அவர் கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டாள். ஹேசல் சொன்னாள். என்ன பேசினார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பெவர்லி சுவரோரம் நின்று ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது கதை சரளமாக வந்தது. "ஆமா, அவருக்குப் பிடிச்ச இடத்துலயே. நாங்க எல்லாரும் கூட இருந்தோம். வயிறாரச் சாப்பிட்டாரு. அப்படியே ஆத்தைப் பாத்துக்கிட்டே... ஒரு கஷ்டமும் இல்லை. இப்படியொரு சாவு யாருக்குக் கிடைக்கும் சொல்லுங்க."

கிளைவ் ஹேசலின் வலது தோளில் கை வைத்தான். கண் கலங்கித்தான் இருந்தான். "நல்லவேளை, அந்த இல்லத்துக்குப் போகாமலே போயிட்டாரு. உனக்கும் ஒரு சுமை குறைஞ்சுது. அந்தப் பேச்செல்லாம் யார்கிட்டயும் சொல்லவேணாம், சரியா? எதுக்கு?"

அவன் காரைக் கொண்டுவரப் போனான்.

வெயில் நன்றாக வந்துவிட்டது. உள்ளே முடங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு இளம் ஜோடி, கைக்குழந்தையோடு, இடம் தேடி மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தது. தண்ணீரை ஒட்டிய மேசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க... இங்க யாராவது வராங்களா?"

"இல்லை" என்றாள் ஹேசல். "உக்காருங்க."

மேசை விளிம்பில் கிரேவி காய்ந்திருந்தது. அவள் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தாள். குழந்தை கையை வைக்கும் இடம் அது. இன்னொரு முறையும் துடைத்துவிட்டு, எழுந்து இடம் விட்டாள்.