அரக்கும் சாம்பலும்

பேரையூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கும் பிறந்தநாள் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதுதான் தேதி. ஆனால் ரோகிணியும் கனகலட்சுமியும் ரெட்டைப் பிள்ளைகளாகப் போனதால் ஊருக்கே அந்த நாள் ஞாபகம் இருந்தது. செப்டம்பர் ஒன்பது. ரோகிணி பத்து நிமிஷம் மூத்தவள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அக்கா என்று கூப்பிடச் சொல்லி அவள் ஆறு வயது வரை அடம்பிடித்துப் பார்த்தாள், நடக்கவில்லை.

அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டது "கண்ணாடி" என்று. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி அப்பா சவரம் செய்வது. ஆணியில் உயரத்தில் தொங்கும், மூக்கு தெரிந்தால் வாய் தெரியாது. அதனால் ரோகிணி பொட்டு வைக்கும்போது கனகம் எதிரே நிற்பாள், கனகம் வகிடு எடுக்கும்போது ரோகிணி நிற்பாள். எதிரே இருப்பவளைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்வது. "ஏ கண்ணாடி, இங்கிட்டு வா" என்றால் அந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இன்னொருத்தியைத் தவிர.

கல்யாணம் அவர்களைப் பிரித்துப் போட்டது. கனகம் விளாங்குடிக்கு வந்தாள். ரோகிணி புருஷனின் வேலையோடு புனேக்குப் போனாள். முதல் வருஷமே ரோகிணி ஒரு ஏற்பாட்டைச் செய்தாள். ஒரு வருஷம் இவள், ஒரு வருஷம் அவள் என்று முறை வைத்து, முறைக்காரி ஒரே மாதிரி ரெண்டு சேலை எடுக்க வேண்டும். ரெண்டின் முனையிலும் மஞ்சள் தொட்டு ஒன்றை அனுப்பிவிட்டு ஒன்றைத் தான் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கலர் என்று கேட்கக் கூடாது. பிறந்தநாள் காலையில்தான் பார்சலைப் பிரிக்க வேண்டும். முதலில் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். வீடியோ கால் வந்த பிறகு இன்னும் வசதியாகப் போயிற்று. செப்டம்பர் ஒன்பது காலை ஏழு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே சேலையில் போனுக்கு முன்னால் நின்று, "கண்ணாடி, கொசுவம் சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொள்வார்கள். வயசு நாற்பத்தஞ்சு ஆகியும் இந்தக் கூத்து நிற்கவில்லை என்று கனகத்தின் புருஷன் சின்னச்சாமி வருஷா வருஷம் சிரிப்பார்.

போன மார்கழியில் ரோகிணியின் புருஷன் இறந்துபோனார். ஆபீஸில் மாடிப்படி ஏறும்போது மாரடைப்பு. பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி இல்லாததால் கோடிச் சேலையைக் கனகம்தான் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாள். இருபத்திரண்டு வருஷத்தில் ரோகிணிக்கென்று ஜோடி இல்லாமல் அவள் எடுத்த முதல் சேலை அது. ரோகிணியின் தோளில் அதைப் போர்த்தும்போது கனகத்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று ரோகிணி வாசல் வரை வந்தாள். அழவில்லை.

"கண்ணாடி, அடுத்த செப்டம்பர் உன் முறை. மறந்துறாத," என்றாள்.

அந்த நேரத்தில் இது என்ன பேச்சு என்றுதான் கனகத்துக்குத் தோன்றியது. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். நான் வெறும் மக்கு என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

ஆகஸ்ட் கடைசியில் விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் இருக்கும் பரீத் கடைக்குப் போனாள். கூட வந்தது நாத்தனார் ஒச்சம்மாள். நல்ல மனுஷிதான், ஆனால் எதற்கும் ஒரு சாங்கியம் வைத்திருப்பாள். பரீத்துக்குக் கனகத்தைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். முகத்தைப் பார்த்ததும் அரக்குக் கலரில் மாம்பழக் கரை வைத்த சேலையைப் பிரித்துப் போட்டார்.

"ரெண்டு தானேக்கா? உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

கனகத்துக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ரோகிணியின் நிறத்துக்கு, அதாவது தன் நிறத்துக்கு, அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. "ரெண்டு" என்று சொல்ல வாயெடுத்தாள். ஒச்சம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"வருசம் திரும்பல கனகம். இப்பப் போயி அரக்கை அனுப்புனா நாலு பேரு அந்தப் புள்ளயத்தான் பேசுவாங்க. அடங்குன கலரா எடு."

புனேயில் யார் மதினி பேசப் போகிறார்கள், அவள் பொட்டு வைத்துக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பரீத்துக்கு விஷயம் புரிந்து முகம் வாடிப்போயிற்று. உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கத்தரிப்பூக் கரை போட்ட சேலையைக் கொண்டுவந்தார். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

"அப்ப ரெண்டும் இதுலயே போட்டுரவாக்கா?"

இந்தக் கேள்விக்குத்தான் கனகம் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ஒச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"நல்லாருக்கு தம்பி நீங்க சொல்றது! இவ நல்லா வாழுறவ. பொறந்தநாளும் அதுவுமா சாம்பலைக் கட்டிக்கிட்டு நிப்பாளா?"

பழியை முழுக்க ஒச்சம்மாள் தலையில் போட்டுவிடலாம். கனகமும் ரெண்டு நாள் அப்படிப் போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. அரக்கைத் தன் பக்கமும் சாம்பலை அந்தப் பக்கமும் நகர்த்தியது அவள் கைதான். சின்னச்சாமிக்கு அப்போதுதான் பிரஷர் மாத்திரை கூட்டி எழுதியிருந்தார்கள். சாம்பல் சேலையைத் தொட்ட கனகத்துக்கு ஒரு பயம் வந்தது, ரோகிணிக்கு நடந்தது தன் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்று. கூடப் பிறந்தவளின் கஷ்டம் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்திருக்கிறாள். அதை வெளியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மஞ்சளைக் குழைத்து ரெண்டு விரலில் எடுத்தாள். எப்போதும் ஒரு விரல் ஒரு சேலைக்கு. அரக்கின் முனையில் ஒரு விரலை வைத்தாள். சாம்பலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொரு விரலைக் குழாயடியில் கழுவிவிட்டாள்.

செப்டம்பர் ஒன்பது காலை ஏழு மணி. அரக்குச் சேலை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கனகம் நின்றாள். அவள் மனசில் இருந்த கணக்கெல்லாம் இவ்வளவுதான்: அவளுக்கே புரியும், அவள் நிலைமைக்கு அதுதானே சரி.

படம் வந்தது. ரோகிணி சாம்பலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏ கண்ணாடி, இந்த வருசம் என்னடி இம்புட்டு அமைதியான கலரு எடுத்துட்ட, ஆனா நமக்கு நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அப்போதுதான் இந்தப் பக்கப் படம் அவளுக்குத் தெளிந்தது போலிருக்கிறது.

நமக்கு என்று அவள் சொன்னதைக் கனகம் கேட்டுவிட்டாள். ரெண்டும் சாம்பல்தான் என்று நினைத்துக்கொண்டே அவள் பிரித்திருக்கிறாள், கட்டியிருக்கிறாள், கொசுவத்தை நீவிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள்.

ரோகிணி குனிந்து சேலை முனையை எடுத்துப் பார்த்தாள். திருப்பி அடுத்த முனையையும் பார்த்தாள்.

"ரெண்டு கலரா எடுத்தியா," என்றாள்.

"இல்லடி... வருசம் திரும்பலன்னு மதினிதான்..."

"சரி சரி. உனக்கு அரக்கு எடுப்பா இருக்கு கனகம். ஸ்கூலுக்கு நேரமாச்சு, வச்சிர்றேன்."

ரோகிணிக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, எட்டு மணிக்கு இருக்க வேண்டும். அதனால் அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நாற்பத்தஞ்சு வருஷத்தில் அவள் வாயில் கனகம் என்ற பேர் தனக்காக வந்தது அதுதான் முதல் தடவை.

சண்டை போட்டிருந்தால் தேவலை. கனகம் போன் போட்டால் ரோகிணி எடுத்தாள். வெங்காய விலை சொன்னாள், தன் மகன் பாண்டிராஜுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள், சின்னச்சாமியின் பிரஷரை விசாரித்தாள். எல்லாம் முறையாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரி. "சரி கனகம், வைக்கவா?" என்று முடிப்பாள். வாசலில் வந்து நின்று "உன் முறை, மறந்துறாத" என்று அவள் சொன்னது எதற்கு என்று இப்போது புரிந்தது. கோடிச் சேலைதான் கடைசிச் சேலையாக இருந்துவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் போய் இன்னொரு கோடியை அனுப்பிவைத்தேனே என்று நினைத்து நினைத்து அழுதாள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பரீத் கடைக்குப் போனாள். இந்தத் தடவை தனியாக.

"அந்த அரக்குல இன்னொண்ணு இருக்கா தம்பி?"

"நீங்க போன மறுநாளே போயிருச்சேக்கா. சாம்பல் வேணா இருக்கு."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாம்பலை வாங்கிக்கொண்டாள். இதுதான் சரி என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அவளும் சாம்பல், நானும் சாம்பல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கட்டிக்கொண்டு, பூ வைக்காமல், வீடியோ காலில் போய் நின்றாள். ரோகிணி நைட்டியில் இருந்தாள், கையில் காபி டம்ளர்.

"பாருடி. நானும் எடுத்துட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான்," என்றாள் கனகம். பாராட்டை எதிர்பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

ரோகிணி டம்ளரை வைத்தாள்.

"அத மொதல்ல அவுத்துப் போடு."

"ஏண்டி..."

"அன்னைக்கே ரெண்டும் இதுவா இருந்திருந்தா அது ஒரு கலரு. நானும் சந்தோசமாத்தான் கட்டுனேன். இன்னைக்கு நீ கட்டிட்டு வந்து நின்னா அது கலராடி? எனக்குத் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி நிக்கிற." குரல் உடைந்தது. "என்னைப் பாக்குறவுக எல்லாம் புருசன் செத்தவளாத்தான் பாக்குறாக. வருசத்துல ஒரு நாளு உன் முன்னால நின்னா நான் உன்ன மாதிரி இருப்பேன்னு நெனச்சேன். நீ என்ன மாதிரி ஆகணும்னா கேட்டேன்?"

போன் எப்போது நின்றது என்றுகூடக் கனகத்துக்குத் தெரியவில்லை. சாம்பல் சேலையை அவிழ்த்து மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அதற்கு மேல்தட்டில் அரக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம் கட்டியது. முனையில் மஞ்சள் காய்ந்திருந்தது.

உடுத்தியதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒச்சம்மாள் சொல்வாள். ஆனால் சின்ன வயசில் இவர்கள் ரெண்டு பேரும் உடுத்தாத துணி என்று எதையும் தனியாக வைத்துக்கொண்டதில்லை. யார் பாவாடை யாருடையது என்று அம்மாவுக்கே தெரியாது. துவைக்காமல், மல்லிகை வாசம் ஒட்டியபடியே அந்த அரக்கை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"உள்ள என்னக்கா, புதுச் சேலையா?" என்று கேட்டாள் கூரியர் கடையில் இருந்த பெண்.

"இல்லத்தா. நான் உடுத்துனது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோகிணியே கூப்பிட்டாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"வந்துருச்சு," என்றாள்.

"கட்டிப் பாத்தியா?"

"இல்ல. உன் வாசம் அடிக்குது. அப்படியே வச்சிருக்கேன்."

"வீடியோல வாயேன். ஒரு தடவ பாத்துக்குறேன்."

"இன்னைக்கு வேணாம்." பின்னால் குக்கர் விசில் அடித்தது கேட்டது. "அடுத்த வருசம் என் முறை. ரெண்டு எடுப்பேன். எந்தக் கலருன்னு நீ கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் கண்ணாடி," என்றாள் கனகம். சத்தமாகச் சொன்னதற்கே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அந்த வார்த்தை திரும்பி வருமா என்று போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு, வச்சிர்றேன்," என்றாள் ரோகிணி.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கனகம் சொல்லவில்லை.