ஒற்றுத்தாள்

பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக் காப்பகம் ஒன்றில், சனிக்கிழமைதோறும் எட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் படம் வரையச் சொல்வது என் வேலை. வாயில் வராதது தாளில் வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் என்னை நம்பவில்லை. மனைவி இறந்த மூன்றாம் வாரமே வேலைக்குத் திரும்பியவனை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஜெனலினை அவளுடைய மாமா வீட்டுக்கே திருப்பி அனுப்புவதாக இருந்தார்கள். பதினைந்து வயது. மூன்று முறை அங்கிருந்து ஓடிவந்தவள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மாமா வாராவாரம் காப்பகத்துக்கு ரொட்டி வாங்கிவருவார். அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அவள் முதல்முறையாக வரைந்தாள். ஒரு வீடு, உள்ளே ஓர் அறை. அறைக் கதவில் பூட்டு, வெளிப்பக்கம்.

நீல வண்ணம் வழிந்தது.

“குடு, பிளாட்டர்ல போடலாம்,” என்றேன்.

எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

ஈரம் ஒற்றும் தாளை ஓவியக் கல்லூரியில் அப்படித்தான் சொல்வோம். போலீஸ் நிலையத்தில் புகார் எழுதும் பதிவேட்டுக்கும் எங்கள் ஊரில் அதே பெயர். இந்த எட்டுப் பேருக்கும் அந்த ஒரு பிளாட்டரைத்தான் தெரியும்.

“நான் அப்பவே சொல்லல? சார் போலீஸ் ஆளு,” என்றான் டோடொங். “மூஞ்சியப் பாரு. என்னைக்காவது சிரிச்சிருக்காரா?”

“படம் இந்த ரூம விட்டுப் போகாதுன்னீங்க,” என்றாள் ஜெனலின்.

“போகாது. நான் சொன்னது இந்தத் தாள.” எடுத்துக் காட்டினேன்.

“எல்லாரும் ஏதாவது ஒண்ணக் காட்டுறீங்க. மாமா ரொட்டியக் காட்டுவாரு.”

படத்தைக் கிழித்தாள். நான் தடுக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கி அவள் கையிலேயே கொடுத்தேன்.

“ஒட்டிப் பாக்க மாட்டீங்களா?”

“மாட்டேன். ஆனா பூட்டப் பாத்துட்டேன். ஆபீஸ்ல கேட்டா பாக்கலன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்ப போலீஸேதான்,” என்றான் டோடொங்.

“வாய மூடுறா தடியா.” அவள் என்னை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “உங்க பொண்டாட்டி செத்தப்ப அழுதீங்களா?”

“இன்னும் இல்ல.”

கிழித்த துண்டுகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“திங்கக்கிழமை ஆபீஸ்ல நானே சொல்றேன். எத்தன நாளு பூட்டி வச்சாருன்னும் சொல்றேன். நீங்க உள்ள வரக் கூடாது. வாசல்ல நில்லுங்க. மாமா வந்தா விடாதீங்க.”

“சத்தியமா விட மாட்டேன்.”

“சத்தியமெல்லாம் வேணாம். எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, தேதி போடச் சொன்னாள்.