கொழுகொழு எழுத்து

நான் வரைந்த எழுத்துக்கு மூலையே கிடையாது. தடித்த கோடு, முனையெல்லாம் மழுங்கல், வால் இல்லை, கொக்கி இல்லை. உருட்டி வைத்த மாவு மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் கால்வாயெல்லாம் உறைந்துபோகும் எங்கள் ஃபிரீஸ்லாந்தில், கரையில் நிற்கும் பனிச்சறுக்குச் சங்கத்தின் பலகைக்கு அதைத்தான் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ச் சங்கத்தார் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்கும் பிடித்துவிட்டால் எல்லாக் கால்வாயிலும் என் எழுத்துதான். அந்த ஆசையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கால்வாய்ப் பனியைத் துளைபோட்டுப் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று சொல்பவன் வீபே, என் பள்ளித் தோழன். "அடடா, உன் எழுத்தோட கன்னத்தைக் கிள்ளணும் போல இருக்கு ஹிஸ்கே!" என்று அவனே பலகையை ஆணியடித்து மாட்டினான். 'பனி தாங்காது. இறங்காதீர்கள்' என்று அதில் இருந்தது.

மறுநாள் காலையில் அதைப் படித்துவிட்டு ஆட்கள் சாவகாசமாகச் சறுக்குக் காலணி மாட்டி இறங்கினார்கள். வீபே கத்திக் கரையேற்றினான்.

"கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஏதோ சும்மா சொல்லி வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்."

எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை. பலகையைத் தாழ்த்தி வைத்தேன். சிவப்பு பூசினேன். பிறகு ஃபிளாஸ்க்கில் காபியோடு கரையில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். படிக்கப் படிக்க ஒவ்வொருவர் முகமும் மலர்ந்தது!

"படிக்கிறாங்க, சிரிக்கிறாங்க, எறங்குறாங்க. இது என்ன கூத்துடா?"

"ஜனங்களுக்குத் திமிரு. எழுத்து மேல பழி போடாதே," என்றான் வீபே. அது எனக்கு இதமாகத்தான் இருந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு பௌக்யே பாலத்தை நோக்கிச் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாலத்தடியில் பனி எப்போதும் மெல்லிசு. "அடியே, நில்லுடி!" என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பிப் பார்த்துக் கரைப்பக்கம் ஒதுங்கிவிட்டாள். என் காலடியில்தான் பனி விரிசல்விட்டு உடைந்தது. மார்பளவு தண்ணீர். வீபே ஏணியைப் படுக்கவைத்துத் தள்ளி என்னை இழுத்துப் போட்டான்.

போர்வைக்குள் பல் தந்தியடித்தது.

"பலகைய நீயே படிக்கலையாடி?" என்றாள் பௌக்யே.

படித்தேன். அதைத் தாண்டி ஓடும்போது நன்றாகவே பார்த்தேன். எவ்வளவு அழகாக நிற்கிறது என்றுதான் தோன்றியது. பயம் துளிகூட வரவில்லை. போர்வையை உதறிவிட்டுப் பலகையிடம் போனேன்.

விறைத்த விரலால் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"ஏய், ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்களே!" என்று வீபே பதறினான்.

"வரட்டும். கஞ்சிக் கடைக்கு வேணும்னா இத எடுத்துக்கச் சொல்லு. நீ போயி தார் கொண்டா, புதுசா நீயே எழுது."

"எனக்குக் கையெழுத்தே நல்லா வராதே."

"கோணலா எழுது. பாக்குறவனுக்கு வயித்தக் கலக்கணும்."