பாட்டுக்கு முந்தைய சிரிப்பு

சனிக்கிழமை சாயங்காலம் கெலெபி கணினிக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். டோங்காவின் நெயாஃபு ஊர் வானொலி நிலையத்தில் சேர்ந்திருக்கிற தேவாலயப் பாடகர் குழுப் பதிவுகள் எல்லாவற்றிலும், பாட்டுக்கு முன்னால் கேட்கிற சத்தங்களை வெட்டி எறிய வேண்டும். மேலாளர் இனோக்கேயின் உத்தரவு. ஒரு பதிவில் யாரோ போதகரின் வயிற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அது அப்படியே ஒலிபரப்பாகி, போதகர் கொஞ்ச நாள் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார். பயனில்லை.

வெட்ட வேண்டியவற்றில் ஒன்றில் கெலெபியின் மனைவி சேய்னி சிரிக்கிறாள். திராட்சை பறிக்க ஒரே ஒரு பருவம் என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனவள். அந்தப் பருவம் முடிந்ததும் அடுத்த பருவம் வந்துவிட்டது. அந்த நாட்டில் அவை வரிசையாக வருகின்றன. தொலைபேசியில் பேசுவாள். பன்றி குட்டி போட்டதா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்பாள். சிரிப்பதில்லை. பாட்டில் அவள் குரலைத் தனியாகப் பிரிக்கவும் முடியாது, ஊரே சேர்ந்து பாடுகிறது. பாட்டுக்கு முன்னால்தான் சேய்னி சேய்னியாக இருந்தாள்.

அதனால் அந்தப் பதிவை வரிசையில் கடைசியாக வைத்திருந்தான். அதன் முறை வருவதற்குள், திங்கட்கிழமை வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை டோங்காவில் எதுவும் வேலை செய்யாது என்று பிறந்ததிலிருந்து நம்புகிறவன். கணினியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒரு வௌவால் மின்கம்பியில் சிக்கி உயிரை விட்டது. ஊர் முழுக்க மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சாவி இனோக்கேயின் சட்டைப்பையில், தேவாலயத்தில், துதிப்பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. ஓய்வுநாளில் ஜெனரேட்டரை ஓட்டியவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கெலெபியும் சேப்பிலையில் இறைச்சியைப் பொதிந்து தேங்காய்ப்பாலில் வேகவைத்த லூவைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

திங்கட்கிழமை, பாட்டுகளின் பட்டியல் இருந்த தரவுத்தளம் திறக்கவில்லை.

"எந்திரம் ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சுதா?" என்றார் இனோக்கே.

"செஞ்சிருக்கு ஐயா."

"பாத்தியா! அதான் ஆண்டவர் புடுங்கி விட்டுட்டார்."

"வௌவால் ஐயா."

"வௌவாலை யாருடா அனுப்புனது?"

அறிவிப்பாளர் லவேனியா கதவில் சாய்ந்து நின்றாள்.

"சாயங்காலம் நிகழ்ச்சி இருக்கு தம்பி. எது யாரு பாட்டுன்னே தெரியாம எதைப் போடுறது? பேசாம உன் முழியைத்தான் ஒலிபரப்பணும்."

கெலெபி உடைந்த தரவுத்தளத்தை அப்படியே இன்னொரு வட்டில் நகலெடுத்தான். அசலைத் தொடாமல் நகலில் கை வைத்தான். தரவுத்தளத்துக்கென்று ஒரு வேலைக்குறிப்பு உண்டு. எதைச் செய்தாலும் முன்னால் 'தொடங்கியது' என்றும், பின்னால் 'முடிந்தது' என்றும் கணினி அதில் எழுதி வைக்கும். முடியாத வேலையை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வது தரவுத்தளத்தின் குணம். மனிதர்களுக்கும் இந்தக் குணம் இருந்தால் தேவலை, சேய்னி போன வேலைகூட இன்னும் முடியவில்லை.

குறிப்பைப் படித்துக்கொண்டே இறங்கினான். முடிந்தது. முடிந்தது. எல்லாத் தேவாலயமும் முடிந்திருந்தது. வெட்டின சத்தம் வெட்டினதுதான், திரும்ப வராது. கடைசி வரியில் சேய்னியின் குழுவின் பெயர். தொடங்கியது.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மீட்பு நிரலை ஓட்டிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பட்டியல் திரும்பி வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைத் திறந்தான். சேய்னியின் குரல்.

"டேய் கெலெபி, மைக்கைக் கொஞ்சம் கீழ எறக்கு. என் மூக்கா பாடப்போவுது?"

பிறகு சிரிப்பு. விக்கலைப் போலத் தொடங்கி, யாரோ உஷ் என்றதும் இன்னும் பெரிதாகி, அடக்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது. மூக்கும் பாடத்தான் செய்தது. அதற்கப்புறம் ஊர் பாட ஆரம்பித்து அவளை விழுங்கிவிட்டது.

இரண்டு இடத்தில் பிரதி எடுத்தான்.

"எல்லாம் வெட்டியாச்சா?" இனோக்கே எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு பாக்கி ஐயா."

"அதையும் வெட்டிட்டுக் கொடு."

கெலெபி தலையாட்டினான். வெட்டாமல் லவேனியாவிடம் கொடுத்தான். அந்த நிகழ்ச்சியைத் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகைகளில் இருக்கிற டோங்கர்களும் கைபேசியில் கேட்பார்கள்.

ஒலிபரப்பு முடிந்ததும் இனோக்கே அவனைத் தேடிக்கொண்டு வந்தார். அதற்குள் தொலைபேசி அடித்துவிட்டது.

"யாருங்க அது, பாட்டுக்கு முன்னாடி உங்களையே பேர் சொல்லி அந்தப் போடு போடுறது?" சேய்னியின் குரலுக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்குகிற சத்தம். "இங்க எல்லாப் பொம்பளைங்களும் கேக்குறாங்க."

"நீதான்."

"நானா?"

"ம்."

பெட்டிகள் அடுக்கப்பட்டன.

"கூரை ஒழுகுதா?" என்றாள்.

"ஒழுகுது."

வாசலில் நின்ற இனோக்கே எதற்கு வந்தோம் என்பதை மறந்தவர்போலச் சுவரைப் பார்த்தார்.

"அதை இன்னொரு தடவை போடுங்களேன்."

கெலெபி தொலைபேசியை ஒலிபெருக்கி அருகே பிடித்து, பதிவை ஓட விட்டான். இரண்டு சேய்னிகள் இருந்தார்கள். ஒருத்திதான் சிரித்தாள்.